வெறும் இரும்புதானே என்பவர்களுக்கு

சேற்றில் சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் வின்ச்சைத் தாங்குகிற பழைய பம்பர் ஒன்றை வாங்கக் கிளம்புகிறவருக்கு உடன் இருப்பவர்கள் சொல்லும் தைரியம் ஒன்று உண்டு: “வெறும் இரும்புதானே, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?” எஞ்சின் தேயும், கியர்பாக்ஸில் பல் போகும், டயர் வெடிக்கும். தடித்த தகட்டை மடக்கி வெல்டிங் செய்த ஒரு பெட்டிக்கு என்ன ஆகிவிடப் போகிறது? புதிதென்றால் ஆயிரம், இரண்டாயிரம் டாலர். கைமாறியது பாதி விலைக்குக் கிடைக்கும். துரு இருந்தால் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். துளை பொருந்தாவிட்டால் வெல்டர் பார்த்துக்கொள்வார். ஜீப் ரேங்ளரையும் டொயோட்டா டகோமாவையும் ஓட்டிக்கொண்டு யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளுக்கும் கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடத்துக்கும் போகிற அமெரிக்கர்களிடையே இந்தப் பேச்சு எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. அனுபவசாலிகளே சொல்வதால் புதிதாக வருபவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

இது தவறான பேச்சு. பணத்தை மட்டும் விழுங்கும் தவறாக இருந்திருந்தால் இதை எழுத வந்திருக்க மாட்டேன். பக்கத்தில் நிற்பவரின் உயிரையும் அது வாங்கக்கூடும். பழைய பம்பரை யாரும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல பழைய பம்பர்கள் இருக்கின்றன. அவை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் “வெறும் இரும்பு” என்ற எண்ணத்தோடு போகிறவரின் கண்ணுக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே தெரியும். அவர் பார்ப்பது பெயிண்டையும் கீறலையும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

வண்டியோடு வரும் பம்பர், மோதலை வாங்கிக்கொள்ள இருக்கிறது. வின்ச் பம்பருக்கு அதற்கு மேல் இன்னொரு வேலை உண்டு: சேற்றில் புதைந்த முழு வண்டியையும் ஒரு வடத்தின் முனையில் தாங்க வேண்டும். மரத்தில் கட்டிய வடம் இழுக்கும்போது அந்த விசை வின்ச்சின் உருளைக்கு வருகிறது. வின்ச்சின் காலில் இருக்கும் நான்கு போல்ட்கள் வழியாகப் பம்பரின் அடித்தட்டுக்கு இறங்குகிறது. அடித்தட்டின் வெல்டிங் அதை இரு பக்கத்துப் பிராக்கெட்டுகளுக்குக் கொடுக்கிறது. பிராக்கெட்டின் போல்ட்கள் சேஸிஸின் இரு முனைகளுக்குக் கொடுக்கின்றன. இந்தப் பாதையில் தகடு நடுவில் கிழிந்துபோவது அபூர்வம். விட்டுப்போவதெல்லாம் ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில்தான். பம்பர் வாங்குகிறவர் உண்மையில் காசு கொடுப்பது அந்தச் சேர்க்கைகளுக்கு. தகடு என்ன, அதை எடைக்குப் போட்டால் காயலான் கடையில் சொற்பப் பணம் வரும்.

அந்தச் சேர்க்கைகள் தாங்க வேண்டிய பாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க இராணுவத்தின் வாகன மீட்புக் கையேடு ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறது. சக்கரம் அளவுக்குப் புதைந்த வண்டியை வெளியே இழுக்க அதன் எடை அளவுக்கு விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்திருந்தால் எடையைப்போல் இரு மடங்கு. அதற்கும் மேல் மூழ்கியிருந்தால் மூன்று மடங்கு. நான்கு கதவு ரேங்ளர் ஒன்றில் ஆட்களும் சாமான்களும் ஏறினால் 2,300 கிலோ சாதாரணமாக வரும். அது மட்கார்டு வரை சேற்றில் இருந்தால் 4,600 கிலோ விசை தேவை. 10,000 பவுண்டு வின்ச் ஒன்றின் முழுத் திறனே 4,536 கிலோதான். அதுவும் உருளையில் ஒரே ஒரு அடுக்கு வடம் சுற்றியிருக்கும்போது மட்டும். அடுக்கு ஏற ஏற இழுவிசை இறங்கும்.

அதனால்தான் மரத்தில் கப்பியைக் கட்டி, வடத்தை அதன் வழியாகத் திருப்பிக்கொண்டு வந்து, சொந்த வண்டியின் பம்பர் காதில் பூட்டிய ஷாக்கிள் வளையத்திலேயே மாட்டுகிறார்கள். இப்போது வின்ச்சின் பாரம் பாதியாகிறது. பம்பரின் பாரம் பாதியாவதில்லை. 4,600 கிலோவும் அதன் மேல்தான் இருக்கிறது, பாதி வின்ச் போல்ட்களிலும் பாதி ஷாக்கிள் மாட்டும் காதிலுமாக. சக்கரம் ஒரு பாறையில் முட்டிக்கொண்டு வண்டி நகர மறுத்து, வின்ச் தன் முழுத் திறனுக்கும் இழுத்தால் அந்தப் பம்பர் 9,000 கிலோவைச் சுமந்தாக வேண்டும். 8,000 முதல் 12,000 பவுண்டு வரையிலான பெரும்பாலான வின்ச்சுகளின் கால்துளைகள் 10 அங்குலத்துக்கு 4.5 அங்குலம் என்ற ஒரே அளவில் இருக்கும். அவற்றில் ஏறுவது 3/8 அங்குல போல்ட். ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன். அப்படிப்பட்ட நான்கு போல்ட்களும் சில அங்குல வெல்டிங்கும்தான் இவ்வளவையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவர் “வெறும் இரும்பு” என்று சொல்வாரா?

முந்தைய சொந்தக்காரர் அந்தப் பம்பரை என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. நேராக இழுத்தாரா, பக்கவாட்டில் இழுத்தாரா? மெதுவாக வின்ச் போட்டாரா, அல்லது நீளும் கயிற்றைக் கட்டி இன்னொரு வண்டியை ஓடவிட்டு வெடுக்கென்று பிடுங்கினாரா? அந்த வெடுக்கில் எழும் விசை கணக்குக்குள் அடங்காது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் மீட்புப் பட்டையைக் கட்டி இழுத்து, கொக்கி முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். மீட்புப் பட்டைகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அந்த நாடு கட்டாயமே கொண்டுவந்தது. கொக்கிக்கு நேர்ந்தது ஷாக்கிள் காதுக்கும் நேரலாம். விரிசல் விட்ட காது ஒன்று பிய்த்துக்கொண்டு போனால் அது எதிரில் இருக்கும் வண்டியின் கண்ணாடியை நோக்கித்தான் போகும். கண்ணாடிக்குப் பின்னால் உதவ வந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் காதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முக்கால் அங்குல ஷாக்கிளின் ஊசி அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு, அதாவது 22 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அது நுழையும் துளை வட்டமாகவே இருக்க வேண்டும். இழுத்த பக்கமாக நீண்டு முட்டை வடிவுக்கு வந்திருந்தால், உலோகம் தன் மீள் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் பேரம் பேச ஒன்றுமில்லை. காது தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு பக்கமும் வெல்டிங் ஆகியிருக்கிறதா, அல்லது முகப்பில் வெறுமனே ஒட்டவைத்திருக்கிறதா என்றும் குனிந்து பார்க்க வேண்டும். பிறகு வெல்டிங்கின் ஓரங்கள். விரிசல் பெரும்பாலும் தொடங்குவது வெல்டிங்கின் நடுவில் அல்ல. அது தகட்டோடு சேரும் விளிம்பில், தலைமுடி அளவில். கண்ணுக்குத் தப்பினாலும் அதைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. சாயச் சோதனை என்று மூன்று தெளிப்பு டப்பாக்கள் விற்கிறார்கள்: முதலாவது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க, இரண்டாவது சிவப்புச் சாயம், மூன்றாவது வெள்ளைப் பூச்சு. சாயத்தை ஊறவிட்டுத் துடைத்து வெள்ளையை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். பெயிண்டுக்கு மேல் இதைச் செய்வதில் பயனில்லை, இரும்பு தெரிய வேண்டும். அரை மணி நேர வேலை. இதைச் செய்ய விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

இங்கேதான் இன்னொரு பரவலான நம்பிக்கையும் குறுக்கே வருகிறது: பளபளப்பாக இருப்பது நல்ல பம்பர், கீறல் விழுந்தது உழைத்து ஓய்ந்தது. எனக்கு இதில் நேர்மாறான எண்ணம். பாறையில் உரசிப் பெயிண்ட் போய், அடியில் லேசாகத் துரு பூத்திருக்கும் பம்பர் தன் கதையை மறைக்காமல் சொல்கிறது. விற்பதற்காகவே புதிதாகப் பவுடர் கோட்டிங் ஏற்றிய பழைய பம்பர்தான் சந்தேகத்துக்குரியது. அந்தப் பூச்சு தடிமனானது. விரிசலையும் துருக்குழியையும், வளைந்ததைச் சூடேற்றி அடித்து நிமிர்த்திய தடத்தையும், அதற்கு மேல் பட்டி பார்த்திருந்தால் அந்தப் பட்டியையும் அது ஒரே கறுப்பில் மூடிவிடும். ஒருமுறை மடங்கி நிமிர்த்தப்பட்ட தகடு பழைய தகடு அல்ல. மடங்கிய இடத்தில் இரும்பு இறுகி, அடுத்த முறை வளைவதற்குப் பதிலாக உடையப் பார்க்கும். ஆனால் சந்தையில் இந்தப் புதுப் பூச்சுக்குத்தான் நூறு டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள், வாங்குகிறவர்களும் மகிழ்ச்சியாகக் கொடுக்கிறார்கள்.

“பொருந்தாவிட்டால் வெல்டர் பார்த்துக்கொள்வார்” என்ற அடுத்த ஆறுதல் எனக்கு இன்னும் கவலை தருகிறது, ஏனென்றால் அது ஒரு நல்ல தொழிலாளியின் தலையில் அவருக்குத் தெரியாத பொறுப்பைக் கட்டுகிறது. இந்தப் பம்பர்கள் வண்டிக்கு வண்டி மட்டுமல்ல, ஆண்டுக்கு ஆண்டும் வேறுபடுகின்றன. டொயோட்டாவின் ஐந்தாம் தலைமுறை ஃபோர் ரன்னர் 2010இல் வந்தது. 2014இல் முகப்பு மாறியது. இரண்டுக்கும் பம்பர் தனித்தனி. இரண்டாம் தலைமுறை டகோமாவில் 2005 முதல் 2011 வரை ஒரு வடிவம், 2012 முதல் 2015 வரை இன்னொன்று. விற்கிறவர் “டகோமா பம்பர்” என்று மட்டும் சொல்வார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் பிராக்கெட் ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். உடனே துளையை இழுத்து நீளமாக்குவது, பிராக்கெட்டை வெட்டி ஒட்டுவது, சேஸிஸ் முனையிலேயே புதுத் துளை போடுவது என்று வேலை தொடங்கிவிடும். வெல்டர் கேட்டதைச் செய்து கொடுப்பார். அவரிடம் யாரும் 9,000 கிலோ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கண்ணில் அது முன்னால் தொங்கும் ஒரு பம்பர், அவ்வளவுதான். அந்த வெட்டோடு, செய்த நிறுவனம் இதற்குக் கொடுத்த திறன் மதிப்பீடும் போய்விட்டது. இனி அந்தப் பம்பர் எவ்வளவு தாங்கும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

போல்ட் விஷயமும் இப்படித்தான். பழைய பம்பரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் நாலைந்து துருப்பிடித்த போல்ட்கள் வரும். பல சமயம் அதுவும் வராது. கடையில் அளவு பார்த்து ஏதோ ஒன்றை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்க அளவு போல்ட்டின் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5, ஆறு கோடுகள் இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாவிட்டால் அது மேசை நாற்காலி பூட்டத்தான். மெட்ரிக் என்றால் தலையில் 8.8, 10.9 என்று எண்ணே இருக்கும். ஒரு போல்ட்டின் விலை ஒரு டாலர், இரண்டு டாலர். ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்த மனிதர் இதில் கைவைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பம்பர் நன்றாகவே இருந்தாலும் அது போய் உட்காரும் சேஸிஸ் எப்படி இருக்கிறது என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டிகளின் அடிச்சட்டம் உள்ளிருந்து அரித்துப்போகும். டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸிஸ் துருவுக்காக 2016இல் டொயோட்டா ஒப்புக்கொண்ட வழக்குத் தீர்வு, ஏறக்குறைய 15 இலட்சம் வண்டிகளைத் தொட்டது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். அந்த வண்டிகள்தான் இன்று பழைய பம்பரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. சுத்தியலால் தட்டினால் ஓசை மந்தமாக வரும் சட்டத்தில் உலகத்தின் மிகச் சிறந்த பம்பரை மாட்டினாலும், சட்டத்தோடு சேர்ந்தே கழன்று வரும்.

இன்னொரு வாதத்தைச் சற்று மரியாதையோடே எதிர்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. “கம்பெனி பம்பர் பிளாஸ்டிக்; இது இரும்பு; ஆகவே என் குடும்பத்துக்கு இது பாதுகாப்பு.” மானோ மாடோ குறுக்கே வந்தால் ரேடியேட்டர் தப்பும் என்பது சரிதான். மனிதர் தப்புவது வேறு கணக்கு. முன்பகுதி நசுங்கும்படி வடிவமைத்தவர்கள், அந்த நசுங்கலின் வேகத்தைப் பார்த்துத்தான் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று நிர்ணயிக்கிறார்கள். நசுங்காத ஒன்றை முன்னால் பூட்டினால் அந்தக் கணக்கு மாறுகிறது. பொறுப்பான நிறுவனங்கள் குறிப்பிட்ட வண்டிக்கென்று மோதிப் பார்த்து, பிராக்கெட்டே நசுங்கிக் கொடுக்கும்படி செய்கின்றன. அந்தப் பிராக்கெட்டைத்தான் நம் ஆட்கள் வெட்டி, “உறுதிக்காக” இரண்டு பட்டை சேர்த்து வெல்டிங் அடிக்கிறார்கள். 2018 டகோமாவில் இருந்து முன் கிரில் சின்னத்துக்குப் பின்னால் ரேடார் உட்கார்ந்திருக்கிறது. தானாகப் பிரேக் போடுவது அதை நம்பித்தான். அதற்கு முந்தைய பழைய வளையக் கம்பிப் பம்பரை இதில் மாட்டினால் ரேடாரின் கண்ணுக்கு முன்னால் இரும்பு நிற்கும்.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கூட்டாட்சிப் பம்பர் விதி பயணிகள் காருக்கு மட்டுமே. ஜீப் வகை வண்டிகளும் பிக்கப்புகளும் அதற்கு வெளியே. வின்ச்சின் இழுதிறனை அளக்க எஸ்ஏஇ ஜே706 என்ற தரநிலையாவது இருக்கிறது. அதைத் தாங்கும் பம்பருக்கு அப்படி ஒரு கட்டாயச் சோதனை அங்கே இல்லை. ஆஸ்திரேலியாவில் முன்காப்புச் சட்டங்களுக்கென்று 2002இலேயே தனித் தரநிலை வந்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிகளில் இரும்புத் தடுப்பு பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு மாறானது என்று காட்டி நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. தார், ஜிப்சி வண்டிகள் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள் அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழைய பம்பர் தேடும் முன் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எடையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து நூறு கிலோ எளிதில் வரும். ஜேகே தலைமுறை இரண்டு கதவு ரேங்ளரின் சக்கர இடைவெளி 2.42 மீட்டர். முன் அச்சுக்கு அறுபது சென்டிமீட்டர் முன்னால் நூறு கிலோவைத் தொங்கவிட்டால், முன் அச்சில் கூடுவது சுமார் 125 கிலோ. பின் அச்சில் இருந்து 25 கிலோ குறைந்துவிடும். மூக்கு இறங்கும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனியும், ஸ்பிரிங் மாற்ற வேண்டி வரும். அந்த ஸ்பிரிங்கின் விலையை யாரும் “பாதி விலை”க் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தக் கணக்கையே முழுதாகப் போட்டுப் பார்ப்போம். புதிது 1,500 டாலர், பழையது 750 என்று வையுங்கள். தொலைவில் இருந்து வருவதென்றால் இவ்வளவு கனமான சாமானுக்குச் சரக்குக் கட்டணம் தனி. பிராக்கெட் இல்லாவிட்டால் செய்த நிறுவனம் அதைத் தனியாக விற்கிறதா என்பதே சந்தேகம். மணல் வீச்சில் துரு நீக்கிப் பூச வேண்டும். கூடவே “இலவசமாக” வரும் பழைய வின்ச்சின் வடத்தை மாற்ற வேண்டும். இப்போது எல்லோரும் போடும் செயற்கை இழைக் கயிறு வாங்கினால் வடம் நுழையும் பழைய உருளை வழிகாட்டியையும் கழற்றிவிட்டு வழவழப்பான அலுமினிய வாய் போட்டாக வேண்டும். எஃகு வடம் அறுத்துப் பிசிறாக்கிய அந்த வழிகாட்டி, புதுக் கயிற்றை முதல் இழுப்பிலேயே அரித்துவிடும். இத்தனையும் சேர்ந்தால் மிஞ்சுவது நூறோ இருநூறோ. சில நேரம் கைக்காசு கூடுதலாகப் போகிறது.

அப்படியானால் எந்தப் பழைய பம்பரை வாங்கலாம்? உங்கள் வண்டி, உங்கள் ஆண்டு, அதே முகப்பு, வெட்டாத பிராக்கெட், பெயர் தெரிந்த நிறுவனம், அது வெளியிட்ட பொருத்தும் குறிப்பு, வட்டமான துளைகள், இரும்பைக் காட்டிச் சாயம் அடித்துப் பார்க்கச் சம்மதிக்கும் மனிதர். முடிந்தால் அது இன்னும் வண்டியிலேயே இருக்கும்போது போய்ப் பார்ப்பது நல்லது. வண்டியின் முகமும் பம்பரும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, இரண்டு பக்க இடைவெளியும் சமமா என்பதில் அந்த வண்டியின் விபத்துகள் தெரிந்துவிடும். வண்டியை விற்பதால் பம்பரைக் கழற்றுகிறவர்கள், வேறு வண்டிக்கு மாறுகிறவர்கள் இப்படிப்பட்டதைத் தருவார்கள். இவற்றில் பிராக்கெட் ஒன்று இல்லையென்றாலும் திரும்பி வந்துவிட வேண்டும், எவ்வளவு தூரம் ஓட்டிப் போயிருந்தாலும்.

“கையில் காசு இல்லாதவன் என்ன செய்வான், காட்டுக்கே போகக்கூடாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சந்தேகமான பம்பர் அல்ல. பல வண்டிகளுக்குக் கம்பெனி பம்பருக்குப் பின்னால் மறைவாக உட்காரும் வின்ச் தட்டுகள் புதிதாகவே குறைந்த விலையில் கிடைக்கின்றன. முன்முகம் மாறுவதில்லை, எடையும் குறைவு. வின்ச்சே இல்லாமலும் பெரும்பாலான சிக்கல்களில் இருந்து வெளியே வரலாம். டயரின் காற்றை 35 பிஎஸ்ஐயில் இருந்து 15க்கு இறக்கினால் மணலில் புதைந்த பல வண்டிகள் தாமாகவே ஏறி வந்துவிடும். இன்னொரு வண்டியோடு சேர்ந்து போகலாம். பழைய பம்பருக்கு எடுத்துவைத்த 750 டாலரில் சக்கரத்தின் அடியில் செருகும் பலகை இரண்டு, நல்ல மண்வெட்டி, காற்றழுத்தமானி, காற்று நிரப்பும் சிறு பம்பு எல்லாம் வாங்கலாம். மீதியைப் புதுப் பம்பருக்கென்று ஒதுக்கி வைக்கவும் இடம் இருக்கும்.